முயலின் முன்பற்கள்

மார்ச் 3

மேல்மாடியில் வண்ணம் அடித்து முடித்துவிட்டார்கள். அந்த வாசனை கீழே எங்கள் பல் கட்டும் கூடம் வரை இறங்கி, மெழுகு வாசனையோடு கலந்து தலைவலியைக் கொடுக்கிறது. ஜூலையில் அங்கே பல் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு தொடங்கப்போகிறது. யார் பொறுப்பு என்று இன்னும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பதினோரு பேரும் குனிந்து வேலை பார்த்தபடி காதை மட்டும் மாடிப்படிப் பக்கம் வைத்திருக்கிறோம்.

இன்று மூன்று கடைவாய்ப் பல், ஒரு மேல் செட்டு. கண்ணாடி பவரை மாற்ற வேண்டும்.

மார்ச் 6

பஸ்ஸில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். முதல் நாள் வகுப்பில் எப்படி ஆரம்பிப்பது? “கத்தியை எப்படிப் பிடிக்கிறதுன்னு மட்டும் என்னைப் பாத்துக் கத்துக்காதீங்க, நான் இடக்கை” என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். வாய்விட்டே பேசியிருக்கிறேன் போலிருக்கிறது.

முப்பத்தைந்து வருஷ அனுபவம். பீங்கான் பல் வேலையை வெளியூர் போய் ஆறு மாதம் முறையாகப் படித்துவந்த ஒரே ஆள். என்னை விட்டால் வேறு யார்?

மார்ச் 9

முயல்.

மார்ச் 10

நேற்று அந்த ஒரு வார்த்தைக்கு மேல் கை ஓடவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றிலேயே கிடந்து எரியும்.

டீ நேரத்தில் டாக்டரம்மா வந்தார். கூடத்தை ஆரம்பித்த பெரியவரின் மகள், அவர் போன பிறகு எல்லாம் இவர் கையில்தான். மாடி வகுப்புக்கு, என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த முயல்தான் தலைமை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதிகச் சத்தமாகத் தட்டியது நான். முயலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உன்னை விட்டா வேற யாருடி?” என்றேன். எனக்கென்று எடுத்துவைத்திருந்த வாக்கியத்தைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் சிரித்தாள், இரண்டு முன்பல்லும் முழுசாகத் தெரிய, கண் இரண்டும் காணாமல் போக. முப்பத்தைந்து வருஷமாக அதே சிரிப்பு.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன்.

பொறாமை. எழுதியாகிவிட்டது. ஐம்பத்தாறு வயதில், இரண்டு முழங்காலிலும் வலியை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி பொறாமை. வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டால் குறைகிறதா என்றால் அதுவும் இல்லை.

மார்ச் 11

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதைச் சொன்னாலும் எங்கே சிக்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உனக்கு அந்த வேல வேணுமா, இல்ல அவளுக்குக் கெடைக்கக் கூடாதா?” என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டால் கோபம் வராதா?

மார்ச் 15

விடுமுறை. வீட்டில் நான் மட்டும்.

இந்த டைரி பற்பசைக் கம்பெனி கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஓர் அறிவுரை. இன்றைக்கு, ‘ஈறுகளை மறக்காதீர்கள்.’ மறக்கவில்லை. எதையும் மறக்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியவருக்கு ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிறவர்களை இரண்டிரண்டு பேராக ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரவைப்பார். முதல் வேலை, எதிரில் இருப்பவரின் வாயை அளவெடுப்பது. பசையைத் தட்டில் நிரப்பி வாயில் அழுத்தி, இறுகியதும் எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றினால் அந்த வாய் அப்படியே வெள்ளையாகக் கையில் வந்துவிடும். அதைப் பார்த்து மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளின் வாயே தெரியாமல் ஊரார் வாயில் கைவைக்கக் கூடாது என்பார்.

எங்கள் இருவருக்கும் அப்போது இருபத்தொன்று. நான் தட்டை அழுத்திய அழுத்தில் அவளுக்குக் குமட்டி, பசையெல்லாம் என் மடியில் வந்து விழுந்தது. திட்டப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரியவர் வந்து நின்றும் அடங்கவில்லை. வலது முன்பல் இடது முன்பல்மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும், இரண்டும் உதட்டுக்குக் கீழே எட்டிப்பார்க்கும். அன்றைக்கே முயல் என்று பெயர் வைத்துவிட்டேன். அவள் எனக்கு இடக்கை என்று வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான்.

என் வாயை அவள் நான்கு நாளில் செதுக்கினாள். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பெரியவர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவளுடையதை அலமாரியில் வைத்தார். என்னுடையதை என்னிடமே கொடுத்தார். அன்று ஆரம்பித்தது இது.

ஆனால் அன்று சாயங்காலம் மழை. ஒரே குடையில் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். குடையைப் பிடித்திருந்தவள் அவள். என் தோள் நனையவே இல்லை. அவளுடைய வலது தோள் தொப்பலாக நனைந்திருந்தது. அப்போது அதை நான் கவனித்தேனா? இப்போது நினைவில் இருக்கிறது என்றால் கவனித்திருக்க வேண்டும்.

மார்ச் 22

அப்போதெல்லாம் எங்களுக்கு ஜன்னலோர மேசை. ஆடுகிற முக்காலி, அதன் காலுக்கடியில் மடித்துவைத்த அட்டை. முக்காலியில் யார் உட்காருவது என்று தினம் சண்டை. மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து, என் டப்பாவை அவளும் அவள் டப்பாவை நானும் காலி செய்வோம். பக்கத்துக் கடை ரேடியோவில் பாட்டு வந்தால் ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்போம். எனக்குக் கல்யாணம் நிச்சயமான சேதியை முதலில் அவளிடம்தான் சொன்னேன். என் மகள் முதன்முதலாக நடந்தது அவளை நோக்கி.

இத்தனையும் இருந்தது. அதற்குள்ளேயே அந்தப் பொறாமையும் இருந்தது. எப்படி இரண்டும் ஒரே டப்பாவில் இருந்தன?

ஏப்ரல் 2

இப்போது பாதி வேலையை இயந்திரமே செதுக்கிவிடுகிறது. முன்பல் மட்டும் இன்னும் கையால்தான். முன்பல்லுக்கு உயிர் நிறத்தில் இருக்கிறது, நிறம் முயல் கையில் இருக்கிறது. ஷேடு பட்டை என்று ஒன்று உண்டு. பதினாறு குட்டிப் பல் வரிசையாகக் கோத்தது, ஒவ்வொன்றும் ஒரு நிறம். அது அவள் மேசையை விட்டு நகராது. முன்பல் செய்தால் நான் எழுந்துபோய் அவளிடம் கேட்க வேண்டும். எனக்கு நிறம் பிடிபடாது என்பது பெரியவர் காலத்திலேயே முடிவாகிவிட்டது. வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கினால்கூட இவரைக் கூப்பிட்டு, இது சாம்பலா பழுப்பா என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்று மூன்று முறை எழுந்துபோனேன். மூன்று முறையும் அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் எரிகிறது.

ஏப்ரல் 13

முயல் மாடிப்படியில் விழுந்துவிட்டாள். புது வகுப்பறைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். கை எலும்பு தப்பித்தது. முன்பல் இரண்டும் போய்விட்டன.

ஏப்ரல் 14

பார்க்கப் போனேன். அக்கா வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். உதடு வீங்கி, வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் இரண்டும் துண்டுதுண்டாகிவிட்டதாம், வேரையும் எடுத்துவிட்டார்களாம். சிரிக்க முயன்றாள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தேன். அவளால் சாப்பிட முடியாது என்று உரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

ஏப்ரல் 15

எழுதாமல் விடக் கூடாது. சேதி கேட்டதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் 27

முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். வகுப்பு தொடங்குவதற்குள் புதுப் பல் வேண்டும். பக்கத்துப் பல் இரண்டையும் பிடித்துக் கட்டுகிற பிரிட்ஜ்.

எங்கள் கூடத்தில் தன் பல்லைத் தானே செய்யக் கூடாது. அதுவும் பெரியவர் போட்ட சட்டம். கண்ணாடியில் பார்க்கிற வாய் பொய் சொல்லும் என்பார். ஒருமுறை அவரே தன் கோரைப்பல்லைத் தானே செய்து, ஆறு மாதம் சிங்கம் மாதிரி அலைந்தார். அதிலிருந்து யாருக்காவது பல் போனால், யார் செய்ய வேண்டும் என்று பல் போனவரே ஆளைச் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் கேட்டார். முயல் முகக்கவசத்துக்குள்ளிருந்து என் பக்கம் கை காட்டினாள்.

“இடக்கைதான்.”

ஏப்ரல் 29

என்னை ஏன் சொன்னாள்?

மே 3

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இவரிடம்கூடச் சொன்னதில்லை.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எந்த வேலை யாருடையது என்று எங்கள் கூடத்தில் எழுதிவைப்பதில்லை. வேலைத் தட்டிலிருந்து யார் எதை எடுக்கிறார்களோ அது அவர்களுடையது. அதனால் செய்து முடித்ததும் அடியில் ஒரு மூலையில் அவரவர் அடையாளத்தைக் கீறுவோம். எனக்கு ஒரு புள்ளி. முயலுக்கு இரண்டு புள்ளி. அந்த மாதம், வெளியூருக்கு ஆறு மாதப் படிப்புக்கு ஒருவரை அனுப்பப் போவதாகப் பெரியவர் சொல்லியிருந்தார். நானா, முயலா என்பதுதான் பேச்சு.

ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருக்கு முழு செட்டு. நான்தான் செய்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லை உயரமாக வைத்துவிட்டேன். பாலிஷ் போடும்போதே தெரிந்துவிட்டது. திருத்த வேண்டுமென்றால் முதலிலிருந்து செய்ய வேண்டும், அது பெரியவருக்குத் தெரிந்துபோகும். ஊசியை எடுத்தேன். ஒரு புள்ளி வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொன்று வைத்தேன்.

நான்காம் நாள் ஹெட்மாஸ்டர் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். காலைக் கூட்டத்தில் பேச ஆரம்பித்ததும் வாய்க்குள் டக் டக்கென்று தட்டியிருக்கிறது. மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்திருக்கிறது. பல் இல்லாத வாயோடு அவர் அதைச் சொன்னதைக் கேட்டு எங்களுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். பெரியவர் செட்டைத் திருப்பிப் பார்த்தார். முயலைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவள் நேராக மேசைக்குப் போய், அந்த செட்டையே முதலிலிருந்து செய்ய ஆரம்பித்தாள்.

நான் வெளியூர் போனேன். படித்தேன். வந்ததும் முயலுக்கும் சொல்லிக்கொடு என்றார் பெரியவர். சொல்லிக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் என்னைவிட நன்றாகச் செய்தாள்.

திருடியது நான். அப்படியும் முன்னால் நிற்பது அவள். இதில் நான் அவள்மேல் பொறாமைப்படுகிறேன்!

மே 10

டாக்டரம்மா, “இந்தத் தடவையாவது பல்லை நேரா வச்சுடுங்க, அழகா இருக்கும்” என்றார். சரி என்றேன்.

மே 12

முன்பல்லின் பின்பக்கம் கொஞ்சம் தடித்துவிட்டால் போதும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் ‘ஸ’ வரும் இடமெல்லாம் விசில் அடிக்கும். முதல் நாள், எல்லோர் முன்னாலும், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பேசும்போது —

என்ன நினைப்பு இது. இதை யார் நினைத்தது? நான்தான். அதே ஹெட்மாஸ்டர், அதே டக் டக். இருபத்துமூன்று வருஷம் கழித்தும் என் புத்தி அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறது. என் கையை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நாளைக்கே போய், வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடப் போகிறேன்.

மே 13

சொல்லவில்லை. வாயைத் திறக்கும்போது, முயல் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். முகக்கவசத்தைத் தூக்கி ஓரமாகத் தன் டீயை உறிஞ்சினாள்.

மே 17

உடைந்த பல் எப்படி இருந்தது என்று பார்க்க அவள் அக்கா வீட்டில் போட்டோ கேட்டேன். இருக்கிற எல்லாப் போட்டோவிலும் வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நிற்கிறாள். அந்தக் காலத்தில் போட்டோவுக்கு யார் சிரித்தார்கள்?

பஸ்ஸில் பாதி வழியில் ஞாபகம் வந்தது. பரணில், பிஸ்கட் டப்பா.

இவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் மேலே போகிறது, கதவருகே நிற்காதீர்கள் என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். நான் ஏறித் துழாவினேன். பழைய நூல்கண்டு, மகளின் முதல் செருப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றி, முயலின் வாய். பெரியவர் என்னிடமே திருப்பிக் கொடுத்தாரே, அந்த மெழுகோடு நான் பையில் போட்டுக்கொண்டு வந்த பிளாஸ்டர். மெழுகு எப்போதோ உருகிப்போய்விட்டது. பிளாஸ்டர் அப்படியே இருக்கிறது. அடியில் என் கோணல் எழுத்தில், ‘முயல் — முதல் வாய்.’

வலது பல் இடது பல்மேல் ஏறியிருக்கிறது. இடது பல்லின் நுனியில் கடுகளவு சில்லு. அதைக்கூட மறந்திருந்தேன். இருபத்தொரு வயசு வாய் என் உள்ளங்கையில் இருந்தது. முக்காலியிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்று அழுதேன். கீழே இவர், “சிக்கிட்டியா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

மே 25

இரண்டு பல்லுக்கு எட்டு நாள். அந்த வயதில் வாய் முழுக்கச் செதுக்க ஒன்பது நாள் எடுத்தேன் என்று வெட்கப்பட்டேனே. நேராக வைக்கவில்லை. ஏறியிருந்தது ஏறியே இருக்கட்டும். சில்லையும் வைத்தேன். பின்பக்கத்தை நான்கு தடவை அளந்தேன்.

டாக்டரம்மா பார்த்து முகம் சுளித்தார். “இது அவ பல்லும்மா” என்றேன். அவரிடம் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. போய்விட்டார்.

ஜூன் 4

இதை எங்கிருந்து ஆரம்பிப்பது.

மெழுகுப் பல்லை முயலின் வாயில் வைத்துப் பார்க்க வேண்டிய நாள். மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். மாட்டியதும், விசில் வருகிறதா என்று பார்க்கப் பெரியவர் எல்லோரையும் சொல்லச் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னாள்: சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் ஸ்டேஷனுக்குச் சீக்கிரமாகச் சென்று சேர்ந்தேன். சுத்தமாக வந்தது. கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். சில்லை விரலால் தொட்டாள். கண் கலங்கியது. பிறகு நாக்கைப் பல்லின் பின்பக்கம் மெதுவாக ஓட்டினாள்.

“உன் கைதான்டி. எல்லாம் எடப் பக்கமாச் சாயும்.”

சிரித்தேன்.

“அந்த ஹெட்மாஸ்டர் செட்டும் இப்படித்தான் சாஞ்சிருந்துச்சு.”

என் கையில் மெழுகுக் கத்தி இருந்தது. அதை மேசையில் வைத்தேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே தெரியுமாம். இது உன் வேலையா என்று பெரியவர் அவள் கையில் கொடுத்தபோதே தெரிந்துவிட்டதாம். புள்ளி அவளுடையது, ஆனால் ஈறு முழுக்க இடக்கைச் சாய்வு. கீறத் தெரிந்த எனக்கு என் கையை மறைக்கத் தெரியவில்லை.

“ஏன் சொல்லல?”

“சொல்லிருந்தா உன்ன வேலைய விட்டே அனுப்பிருப்பார். அப்புறம் நான் யார்கூட டீ குடிக்கிறது?”

மன்னிச்சுடு என்றுகூட வாயில் வரவில்லை. அவளே தொடர்ந்தாள்.

“ரொம்பப் பெரிய மனசுன்னு நெனச்சுக்காத. நீ படிச்சுட்டு வந்ததும் நெறம் பாக்கற வேலைய உனக்குத்தான் தர்றதா இருந்தார். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டார். அவளுக்கு மஞ்சளும் சாம்பலும் பிரியாதுன்னு சொல்லிட்டேன்.”

“நெஜமாவே எனக்குப் பிரியாதா?”

“சுத்தப் பொய்.”

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. திரைச்சீலை, சோபா உறை, மகளின் கல்யாணத் துணி, எத்தனை கடையில் எத்தனை தடவை இவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்! அவள் எழுந்துபோய்த் தன் மேசையிலிருந்து ஷேடு பட்டையை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

“நெறம் நீயே பாரு. என் வாய எனக்குத் தெரியாது.”

திட்டுவதற்கு ஆயிரம் இருந்தது. “வாயத் தொற” என்றேன். அது ஒன்றுதான் சொல்ல வந்தது.

ஜூன் 5

கோபம் போகவில்லை. அவள் இருபத்துமூன்று வருஷம் என் கண்ணைக் கட்டிப்போட்டிருந்தாள். நான் அவளுடைய ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டேன். எது பெரிது என்று பார்க்க உட்கார்ந்தால், முதலில் ஊசியை எடுத்தது நான் என்பதில் வந்து நிற்கிறது. திரும்பத் திரும்ப அங்கேயேதான்.

இரண்டு பேரும் இன்று பேசிக்கொள்ளவில்லை. டீ மட்டும் வந்தது.

ஜூன் 6

ஓர் ஆச்சரியம். அவளும் என்னைப் பார்த்துப் பொருமியிருக்கிறாள். முயல்! நான் வெளியூரிலிருந்து புதுப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் அவளுக்கு என்னவெல்லாம் வாங்கிவந்தேன் என்று வரிசையாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றையும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். அதே பக்கத்து சீட்டுக்காரர். இந்தத் தடவை எழுந்தே போய்விட்டார்.

ஜூன் 11

நிறம். பதினாறையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பல்லோடு வைத்துப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் கண்ணில் ஒன்றும் நிற்கவில்லை, பயம். அப்புறம் நின்றது. மஞ்சள் தனியாக, சாம்பல் தனியாக. எனக்குத் தெரிகிறது! எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பக்கத்துப் பற்களில் ஈறோரம் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு. டீக் கறை. பட்டையில் அந்த நிறம் கிடையாது. தூரிகையால் நானே கலந்து வரைந்தேன். முப்பத்தைந்து வருஷ டீ, அதில் பாதி என்னோடு குடித்தது.

ஜூன் 19

சூளையிலிருந்து எடுத்தாயிற்று. சுத்தம் செய்து, உட்பக்கத்தில் அடையாளம் வைக்க ஊசியை எடுத்தேன்.

ஒரு புள்ளி.

ஜூன் 22

பல்லைக் கட்டியாயிற்று. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “முயல் வந்துடுச்சு” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். வாயில் வந்துவிட்டது ஒருவழியாக. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு வருஷம் என் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்ததாம், அப்புறம் பழகிப்போய்விட்டதாம். எனக்கும் அப்படித்தான் ஆகும், இரண்டு வருஷம் பொறு என்றாள்.

ஜூலை 6

வகுப்பு தொடங்கியது. கடைசி வரிசையில் நின்றேன். முயல் கரும்பலகைக்கு முன்னால் நின்று அரை மணி நேரம் பேசினாள். ஒரு விசில் இல்லை. சிரித்தபோது இரண்டு முன்பல்லும் முழுசாகத் தெரிந்தன, கண் இரண்டும் காணாமல் போயின. வந்திருந்த டாக்டர்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பல் புதிது என்று ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது, அதை நான் மட்டும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

முதல் வேலையாக, எதிரில் இருப்பவரின் வாயை அளவெடுக்கச் சொன்னாள். அந்தப் பேச்சை நான் பேசியிருக்க வேண்டும் என்று அப்போதும் ஓரத்தில் ஒரு காந்தல். பொய் எழுதக் கூடாது. இருந்தது.

ஜூலை 14

காலையில் முயல் மாடியிலிருந்து இறங்கிவந்தாள். கையில் ஷேடு பட்டை. இனிமேல் அவளுக்கு மாடியில்தான் வேலை. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். இந்தத் தடவை நிஜத்தைச் சொன்னேன் என்றாள்.

கூடத்தில் எல்லா மேசையிலும் பட்டை வைக்கும் ஆணி வலப்பக்கம்தான் இருக்கும். முயல் பையிலிருந்து ஒரு புது ஆணியையும் சுத்தியலையும் எடுத்தாள். என் மேசையின் இடப்பக்கம் அடித்து, பட்டையை மாட்டிவிட்டு, டீ கொண்டுவரப் போனாள்.